பிடித்த மீனை விட்ட தம்பி

கனடாவின் மேற்குப் பக்கத்தில், வருடத்தில் பாதி நாள் பனி கிடக்கும் ஒரு நகரத்தில் என் தம்பி லொறி ஓட்டுகிறான். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மார்கழியில் உடுப்பிட்டிக்கு வந்தான். அப்போது அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வருடம் கழித்து ஊருக்கு வருபவன் நாலு சொக்கிலேற்றாவது கொண்டுவருவான் என்று அக்கம்பக்கம் காத்திருந்தது. அவன் கொண்டுவந்தது ஒரு நீண்ட குழாய். அதற்குள் நாலு துண்டாகக் கழற்றி வைத்த தூண்டில் தடி. பெட்டிக்குள் நெஞ்சுவரை ஏறும் ஒரு றப்பர்க் காற்சட்டை. அதோடு இறகாலும் நூலாலும் சுற்றிச் செய்த சின்னச் சின்னப் பூச்சிகள் ஒரு டப்பா நிறைய.

"இதென்னடா, ஈயோ?"

"ஓம் அக்கா, போலி ஈ. மீன் உண்மையான பூச்சி எண்டு நினைச்சு வந்து கவ்வும்."

"கவ்வினால்?"

"பிடிப்பன்."

"பிடிச்சு?"

"திரும்ப ஆத்துக்கை விட்டிடுவன்."

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். எத்தனையோ விசித்திரமான விடைகளைத் திருத்தியிருக்கிறேன். இதற்கு எத்தனை புள்ளி போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அவனுடைய நகரத்தின் நடுவே ஒரு பெரிய ஆறு ஓடுகிறதாம். அதில் ட்ரவுட் என்று ஒரு மீன். கோடையில் பிடிப்பது எல்லாருக்கும் வருமாம். உண்மையான ஆட்கள் குளிர்காலத்தில்தான் பிடிப்பார்களாம். கரையோரம் ஐஸ் கட்டியிருக்கும். மீன்கள் ஆழமான, அசையாத இடங்களில் போய்ப் படுத்திருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்று, அரிசியளவு பூச்சியை மீனின் வாய்க்கு நேரே மிதக்கவிட வேண்டும். தடியில் நூல் ஓடும் வளையங்களில் ஐஸ் பிடித்துவிடும்; நிமிடத்துக்கு ஒருமுறை அதை விரலால் உடைக்க வேண்டும். பிறகு விரல் உணர்விழந்துவிடும். இவ்வளவையும் அவன் ஒரு சுற்றுலாத் தலத்தைப் பற்றிச் சொல்வதுபோல் முகம் மலரச் சொன்னான். அகதியாகப் போனவனை அந்த நாடு இவ்வளவு பாடுபடுத்தும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இந்த வித்தையைக் காட்ட ஒரு சிறிய தடை இருந்தது. எங்களிடம் ஆறு இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று சண்டிலிப்பாய்ப் பக்கம் உண்டு. மழை பெய்தால் அது ஆறு, விட்டால் வயல். மிச்சம் தொண்டைமானாறு. அது பெயரில்தான் ஆறு. உண்மையில் கடல்நீர் ஏறி இறங்கும் ஏரி. மாரியில் தடுப்பணைக் கதவுகளைத் திறந்துவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடும், அந்த ஓட்டத்துக்குக் கொடுவா மீன் வரும். தம்பிக்கு அது போதுமாக இருந்தது. வீட்டில் திருவெம்பாவை விரதம், மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். பிடித்ததை விட்டுவிடும் மீன்பிடிகாரன் அந்தப் பத்து நாளுக்கு மிகவும் பொருத்தமானவன்தான்.

நானும் அவனோடு போனேன். மீனில் அக்கறை இருந்து அல்ல. தம்பியின் மனைவி அவனை விட்டுப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. உரும்பிராயில் கலியாணம் செய்யாத ஒரு ஆசிரியையின் சாதகம் என் கைப்பைக்குள் இருந்தது. வீட்டில் கதையை எடுத்தால் அவன் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவான். தண்ணீருக்குள் நிற்பவன் எங்கே எழுந்து போவான் என்பது என் கணக்கு.

மூன்று நாள் என் ஸ்கூட்டரின் பின்னால் றப்பர்க் காற்சட்டையோடு உட்கார்ந்து வந்தான். காலையில் மீன் சோம்பலாக இருக்கும், மத்தியானம்தான் சரி என்றான். அது அங்கத்தைய பனிக்குச் சொன்ன விதி. இங்கே வேர்த்து வடிந்தது. அணைக்குக் கிட்ட என்னிடம் படித்த ஒருவர் வீச்சுவலை வீசிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், தொண்டைமானாற்றுக் கடற்றொழில் குடும்பம். தம்பி நூலைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் சுழற்றுவதை அவர் வலையைத் தோளில் போட்டபடி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணை, உது சாட்டையோ? மாடு ஒண்டையும் காணேல்லை."

தம்பி சிரித்தான். நூலின் பாரம்தான் பூச்சியைக் கொண்டுபோகும் என்று விளக்கினான். வலைக்காரர் கவனமாகக் கேட்டுவிட்டு, தன் வலையை வீசி ரெண்டு திரளி மீனோடு இழுத்தார். தம்பி அதுவரை பிடித்தவை ஒரு சாப்பிங் பையும் சாதாளை எனப்படும் நீர்ப்பாசியும்.

மூன்றாம் நாள் நான் பொறுமை இழந்தேன். குடையோடு போய் அவனுக்குப் பின்னால் கரையில் உட்கார்ந்தேன். பின்னால் நிற்க வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தான்.

"உரும்பிராயிலை ஒரு ரீச்சர் இருக்கிறா," என்று தொடங்கினேன். "நல்ல பிள்ளை. சாதகமும்..."

நூல் பின்னால் வந்தது. என் தோட்டுக்குக் கீழே சுருக்கென்று ஒன்று குத்தியது. கையை வைத்துப் பார்த்தேன். காதுச் சோணையில் ஒரு பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது.

"பிடிச்சிட்டாய்," என்றேன்.

அவன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தான். ஒரு கையால் சோணையைப் பிடித்தான், மறு கையால் ஒரே இழுவை. தூண்டில் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு துளி இரத்தம், அவ்வளவுதான்.

"முள்ளிலை எதிர்ப்பக்கமாய் நிக்கிற கொளுவியைக் குறட்டாலை நசுக்கித்தான் வைச்சிருக்கிறன், அக்கா. மீனுக்கு நோகக்கூடாது எண்டு."

மீனுக்காகச் செய்த தருமத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

"எங்கடை ரீச்சரையும் திரும்ப விடப்போறியளோ?" என்று வலைக்காரர் தண்ணீருக்குள் நின்றபடி கேட்டார்.

தம்பி மறுபடி இறங்கினான். நான் சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன். கால்மணி நேரம் இருக்கும். அணைக் கதவுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஒரு தரம் வெடித்தது. தடி வில்லாக வளைந்தது. முழுக்கை நீளமான ஒரு கொடுவா தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறி விழுந்தது. வீதியில் போன சைக்கிள்கள் நின்றன. வலைக்காரர் வலையைக் கரையில் எறிந்துவிட்டு நீந்தாத குறையாக வந்தார்.

"இறுக்காதேங்கோ அண்ணை, ஓடவிடுங்கோ. கதவுப் பக்கம் மட்டும் விடாதேங்கோ."

இருபது நிமிடம் இருவரும் ஒருவருக்கொருவர் சத்தம் போட்டபடி அந்த மீனோடு அலைந்தார்கள். நானும் எழுந்து நின்றுவிட்டேன். விரதம் ஞாபகம் இல்லை. கடைசியில் மீன் களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. தம்பி குனிந்து அதன் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்தான். தூண்டிலைக் கழற்றினான். தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு கையை விரித்தான்.

மீன் போய்விட்டது.

கரையில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். வலைக்காரர்தான் கதைத்தார். கோபம் இல்லை, வழி விசாரிப்பவரைப் போலக் கேட்டார்.

"அண்ணை, நான் காலமை தொடக்கம் வீசுறன். ஆறு திரளிதான் கிடைச்சது. உங்களுக்கு வேண்டாட்டில் என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

தம்பி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஓம். பிழைதான். நான் யோசிக்கேல்லை," என்றான்.

அவனைக் குத்திக்காட்ட மூன்று நாளாக நான் சேர்த்து வைத்த பேச்சுகள் பல இருந்தன. நான் குடையை மடக்கிக்கொண்டு ஸ்கூட்டரடிக்கு நடந்தேன்.

திரும்பும் வழியில் மழை பிடித்தது. ஒரு பஸ் தரிப்பிடத்தில் ஒதுங்கினோம். அவன் தடியைத் துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, உரும்பிராய்க் கதையை விடு."

"ஏன்டா?"

"மனிசி என்னை விட்டிட்டு ஓடினவ எண்டுதானே இஞ்சை கதை?"

"அப்பிடித்தானே நீ சொன்னனீ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் சொன்னியள், நான் மறுக்கேல்லை. பதினெட்டு வருசம் அவ என்னோடை கதைச்சுக் கதைச்சுப் பாத்தவ. நான் வேலையாலை வந்து ரீவிக்கு முன்னாலை இருப்பன். கடைசியிலை அவவும் களைச்சுப்போனா."

அவள் போன பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க வேலைக்கு மட்டும் வெளியே போனானாம். வைத்தியர் வீட்டை விட்டு வெளியே போய் ஏதாவது செய் என்றாராம். கூட வேலைசெய்யும் ஒருவர் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாராம்.

"முதல் மாதம் ஒண்டும் படேல்லை. ஆத்துக்கை நிண்டா ஆரும் ஒண்டும் கேக்கமாட்டினம், அதுதான் போனனான். பிறகு ஒருநாள் ஒரு ட்ரவுட் வந்தது. கையிலை வைச்சிருக்கத் துடிச்சுது. இந்தக் குளிருக்கையும் உயிரோடை இருக்குதே எண்டு நினைச்சன். கொல்ல மனம் வரேல்லை."

பன்னிரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவனுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறேன். காசு அனுப்பினாயா, நான் சொன்ன ஆளைப் பார்த்தாயா, எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறேன். அவன் இவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. மழை விட்டதும் அவன் துடைத்த துண்டுகளை நான் வாங்கிக் குழாய்க்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து உரும்பிராய்க்குத் தொலைபேசி எடுத்தேன். மறுப்பை மரியாதையாகச் சொல்ல ஒரு வசனம் தயாராக வைத்திருந்தேன். அவர்கள் முந்திக்கொண்டார்கள். பெண்ணின் தாய்மாமன் தயங்கித் தயங்கி, "ரீச்சர், குறை நினைக்கக்கூடாது. மாப்பிள்ளை அவ்வளவு பெரிய கொடுவாவைப் பிடிச்சுத் தண்ணிக்கை விட்டவராம். கொஞ்சம் யோசனையாயிருக்கு," என்றார். எங்கள் குடாநாட்டில் வெள்ளம் கடலுக்குப் போகத்தான் நேரம் எடுக்கும்.

அடுத்த நாள் தம்பி தனியாகத் தொண்டைமானாற்றுக்குப் போனான். வலை வீசப் பழகினானாம். நெற்றியிலிருந்து சேறு வடிய வந்தான். அந்தக் கிழமை இன்னும் ரெண்டு சின்னக் கொடுவா தூண்டிலில் பட்டன. ரெண்டையும் வலைக்காரரிடம் கொடுத்தான். அவர் அவற்றை அடித்துக் கொல்லும்போது இவன் கடல்பக்கம் திரும்பி நின்றானாம். அதை அவர்தான் எனக்குச் சொன்னார்.

தை பிறந்ததும் திரும்பிப் போனான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன்தான் எடுக்கிறான், ஆற்றங்கரையில் நிறுத்திய காருக்குள் இருந்து. போன மாசியில் ஐஸில் வழுக்கி ஆற்றுக்குள் விழுந்து, நனைந்த உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஹீட்டரைக் கூட்டி வைத்துக்கொண்டு, பல் கிடுகிடுக்க எனக்கு எடுத்தான். நான் ஏசத் தொடங்கினேன். முடிக்கும்வரை ஒழுங்காகக் கேட்டான். பிறகு, வலைக்காரருக்கு ரெண்டாவதாகப் பிறந்ததும் மகள்தானாம், அவரே எடுத்துச் சொன்னாராம், பார்க்கப் போகவில்லையா என்று என்னை விசாரித்தான். பத்து நிமிட ஸ்கூட்டர் ஓட்டத்தில் இருக்கிற எனக்கு அந்தச் செய்தி அதுவரை தெரியாது.