நகரிக்காரர்களுக்குப் பூட்டிய ஃபோல்டர்

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், திருத்தணியில் ஒரு துணிக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கு நான்தான் காவல். கம்பெனிக்கு இரண்டு ஆபீஸ்: ஒன்று இங்கே, இன்னொன்று ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில். ஒவ்வொன்றுக்கும் தனி டொமைன், அதாவது யார் யார் நம் ஆள் என்கிற தனிப் பட்டியல். சேலை டிசைன்கள் எல்லாம் திருத்தணி சர்வரில் இருந்தன. நகரிக்காரர்களும் அங்கிருந்தே அவற்றைத் திறப்பார்கள்.

ஒரு டிசைன் எப்படியோ போட்டிக்காரர் கைக்குப் போய்விட்டது. முதலாளிக்கு நகரி மேல் சந்தேகம்.

"அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தன்கூட உள்ள வரக் கூடாது."

அதிகாரம் கைக்கு வந்தால் கேட்கவா வேண்டும்? டிசைன் ஃபோல்டரில் நகரி டொமைன் மொத்தத்துக்கும் தடை போட்டேன். நகரி டிசைனர் போனில் கெஞ்சினார். ரூல்னா ரூல்தான் என்றேன். சொல்லும்போது சுகமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. திருத்தணி ஆட்கள் எல்லாரும் காவடியோடு மலைக்குப் போய்விட்டார்கள். ஆபீஸில் நான் மட்டும். பன்னிரண்டு மணிக்குள் ஒரு டிசைனைச் சென்னைக்கு அனுப்பாவிட்டால் ஆர்டர் போய்விடும், அதோடு என் வேலையும். ஃபோல்டரைத் திறந்தேன். அனுமதி இல்லை என்றது. நான் முதலில் சேர்ந்தது நகரி ஆபீஸில். என் பெயர் இன்னமும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. என் தடையில் நானே மாட்டியதால் அதை நீக்கவும் முடியவில்லை; அதற்கான பெரிய பாஸ்வேர்ட் சர்வரை விற்றவரிடம். அவர் போனை எடுக்கவில்லை.

வெட்கத்தை விட்டு நகரி டிசைனரைக் கூப்பிட்டேன்.

"உங்ககிட்ட அந்த டிசைன் காப்பி இருக்குதுங்களா?"

"காப்பி எதுக்கு சார்? உங்க ஸ்டோர் கிளார்க்கு என் மச்சான். அவன் பேர்ல உள்ள போங்க, பாஸ்வேர்ட் அவன் பொண்ணு பேரு. பாவாவுக்கு, அதான் எனக்கு, வேலை நிக்கக் கூடாதுன்னு நேத்தே குடுத்துட்டான். நான் காலைல இருந்து அதுலதான் வேலை செஞ்சுகினு இருக்கேன்."

எனக்குக் கோபம் பொங்கியது. பொங்கிக்கொண்டே அந்தப் பெண்ணின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டுக்கொண்டேன். டிசைன் பதினொன்றரைக்குச் சென்னை போய்ச் சேர்ந்தது.

மாலையில் முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு வந்து, யார் யார் உள்ளே வந்தார்கள், யார் யார் தடையில் மாட்டினார்கள் என்ற பட்டியலைக் கேட்டார். காட்டினேன். ஸ்டோர் கிளார்க் பெயர்தான் காலையிலிருந்து இருந்தது.

"காவடி எடுக்கிற நாள்லயும் வேலை செஞ்சிருக்கான் பாரு," என்று மகிழ்ந்தார். பிறகு அடியில், தடையில் மாட்டியவர்களுக்கான கடைசி வரியில் விரலை வைத்தார். அங்கே பெயர் இல்லை, நகரி டொமைனும் ஓர் ஊழியர் எண்ணும் மட்டும்.

"ஆங், நகரிக்காரன் ஒருத்தன் வந்து மாட்டிகினான். யாருய்யா அது?"

"நான்தாங்க," என்றேன்.