புள்ளடி இட வேண்டாம்

1. புட்டுக்கு விழுந்த வாக்கு

சூசைப்பிள்ளை அண்ணை போட்ட புள்ளடி அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு கோடுகளும் நேர் நடுவில் வெட்டிக்கொண்டன. கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரின் பங்குக் கோயில் மண்டபத்தில், ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம். தாளை என் முன்னால் வைத்துவிட்டு, "இந்தாரும், புட்டை மேயராக்கியாச்சு," என்றார். அவர் போட்டது அத்தனையும் செல்லாத வாக்கு.

கதையைக் குழப்பாமல் முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளன். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அகதி விண்ணப்பக்காரருக்கு வாயால் மொழிபெயர்த்துக் களைத்துப்போய், ரெஜினா ரீச்சரின் சின்ன ஏஜென்சியில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். பார்க்கிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழேயிருந்து வரும் கருவாட்டு வாசத்தோடுதான் சட்டம், மருந்து, தேர்தல் எல்லாவற்றையும் தமிழாக்கினோம். ரீச்சர் மன்னாரில் படிப்பித்தவர். லண்டனுக்கு வந்து தொழில் மாறிய பிறகும் பட்டம் மாறவில்லை.

நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்னர் ஒரு பெரிய ஓடர் வந்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்தின் மேயர் தேர்தல். அங்குள்ள தமிழருக்கும் வாக்காளர் கைநூலைத் தமிழில் அனுப்ப வேண்டும். எந்த நகரம் என்று சொல்ல மாட்டேன். இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவன். எங்கள் அக்கா இருக்கிற நகரம் என்று மட்டும் சொல்கிறேன். சொந்தக்காரர் கண்டுபிடித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வாக்களித்திருந்தார், யாழ்ப்பாணத்தில், கலியாணத்துக்கு முன்னர். பிறகு ஓட்டம், முகாம், விசா, இன்னுமொரு நாடு. அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த அன்று போனில் அவர் என்னிடம் சொன்னது இது: "அண்டைக்குப் போட்ட வாக்கை ஆரும் எண்ணினவங்களோ எண்டு கூட எனக்குத் தெரியாது. இது எண்ணுப்பட வேணும் தம்பி." யாரிடமும் உதவி கேட்கிற ஆளும் அல்ல. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைநூலை வாசித்து, தனியாகப் போய், தனியாக வாக்களிப்பார். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அந்தக் கைநூல்.

2. நூற்றுக்கு நூறு

அந்த நகரத்தில் மேயருக்கு ஒரு பெயரை மட்டும் தெரிவு செய்துவிட்டு வர முடியாது. விரும்பினால் முதலாம் தெரிவு, இரண்டாம் தெரிவு, மூன்றாம் தெரிவு என்று வரிசைப்படுத்தலாம். சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே சின்னச் சின்ன வட்டங்கள். தெரிவுக்கு ஒரு நிரல். வட்டத்தைப் பேனையால் முழுக்கக் கறுப்பாக்க வேண்டும். எண்ணுவது மெசின். வட்டத்துக்குள் கறுப்பு இல்லாவிட்டால் அதற்கு வாக்கும் இல்லை.

எங்கள் தமிழிலோ "முதலாம் நிரலில் உங்கள் முதலாம் தெரிவுக்குப் புள்ளடியிடவும்" என்று இருந்தது. புள்ளடி என்றால் பெருக்கல் குறி மாதிரியான அடையாளம். இலங்கையில் வாக்கு என்றாலே புள்ளடிதான். லண்டனிலும் சீட்டில் புள்ளடிதான் போடுகிறோம்.

இந்த வசனம் வந்த வழியை இளம் மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டும். நாங்கள் வேலை செய்யும் சொஃப்ட்வெயரில் பழைய மொழிபெயர்ப்பெல்லாம் சேமிப்பில் கிடக்கும். அதே ஆங்கில வசனம் திரும்ப வந்தால் பழைய தமிழை எடுத்துத் தானே போட்டு, நூறு வீதப் பொருத்தம் என்று பச்சை நிறத்தில் காட்டிப் பூட்டிவிடும். லண்டன் மேயர் தேர்தலிலும் முன்னர் முதலாம் தெரிவு, இரண்டாம் தெரிவு என்று இரண்டு நிரல்கள் இருந்தன. அதற்கு நாங்கள் செய்த வசனம்தான் இது. லண்டனுக்கு அது முழுச் சரி. அமெரிக்கர் அனுப்பியதும் அச்சொட்டாக அதே ஆங்கிலம். "மார்க்" என்றுதான் எழுதியிருந்தார்கள். எப்படி மார்க் பண்ணுவது என்பது மாதிரி வாக்குச்சீட்டின் படத்தில் இருந்தது. படமோ எங்களுக்குக் கடைசியில்தான் வந்தது.

தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கிற முறையும் உண்டு. அதைச் செய்தவர் லண்டன் ஹரோவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்தார். அவர் புள்ளடியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு "மார்க்" என்று எழுதிவிட்டார். எல்லாச் சோதனையிலும் நூற்றுக்கு நூறு. பொல்லாத நூறு!

தப்பவைத்தது ரீச்சரின் ஒரு பழக்கம். எந்த அறிவுறுத்தலையும் அச்சுக்குப் போக முன்னர் பங்கு மண்டபத்துக்குக் கொண்டுபோவார். "வாசிச்சா விளங்குதோ எண்டு கேட்கக் கூடாது, குகன். எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். செய்ய விட்டுப் பார்க்கவேணும்," என்பார். அந்த ஞாயிறும் அமெரிக்கச் சீட்டைப் போலவே வட்டங்களோடு ஒரு தாள் அடித்து, வேட்பாளர் பெயர்களுக்குப் பதிலாகப் புட்டு, இடியப்பம், அப்பம், ரோல்ஸ் என்று போட்டுக் கொடுத்தார். ஒருவர் புட்டு எந்தக் கட்சி என்று கேட்டார். இன்னொருவர் மூன்று தெரிவையும் ரோல்ஸுக்கே கொடுத்தார். பெரும்பாலானோர் புள்ளடி போட்டிருந்தார்கள். அதிலும் சூசைப்பிள்ளை அண்ணை வட்டத்தில் முட்டாமல், பக்கத்து வெள்ளை இடத்தில் போட்டிருந்தார்.

"ஏன் அண்ணை வட்டத்தை விட்டுப்போட்டு வெளியில போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"என்ன கதை கதைக்கிறீர்? கோட்டில முட்டினா சீட்டுப் பழுதெல்லோ!"

ஆயுள் முழுக்க பஸ் ஓட்டி, ஒரு கீறலும் விழாமல் ஓய்வுபெற்ற மனுசன். அவருடைய கவனமே அவருடைய வாக்கைக் கெடுத்திருந்தது.

3. "இன்னொரு தரம் செய்யச் சொல்லுங்கள்"

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நான் ரீச்சரிடம் சொன்னேன், "ஃபைலை அனுப்பியாச்சு ரீச்சர், இனிப் பிரிண்ட்தான். நான் என்ர அக்காவுக்குப் போனில சொல்லிவிடுறன்."

ரீச்சர் நடையை நிறுத்தினார். "உம்மட அக்காவுக்கு நீர் இருக்கிறீர். மற்றச் சனத்துக்கு ஆர் இருக்கினம்?"

அதன் பிறகு நான் அக்காவிடம் வாயே திறக்கவில்லை. கைநூல் சரியென்றால் அதுவே அவருக்குச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

திங்கள் மத்தியானம் ரீச்சர் அமெரிக்காவுக்கு வீடியோ கோல் எடுத்தார். அங்கே எங்கள் தொடர்பாளர் டெனிஸ் என்றொரு பெண். நல்லவர்தான், ஆனால் தலைக்கு மேல் வேலை. மீளாய்வு முடிந்துவிட்டது, உங்கள் சரிபார்ப்பிலும் பிழை இல்லை, இனித் திறக்க முடியாது என்றார். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே மூட்டையைக் கட்டியிருப்பேன். ஓடர் தந்தவரிடம் எங்கள் பிழையை நாங்களே காட்டிக்கொடுத்துவிட்டுச் சண்டையும் பிடிப்பதா? ரீச்சர் விவாதிக்கவேயில்லை. சூசைப்பிள்ளை அண்ணையைக் கூப்பிட்டு கமெராவுக்கு முன்னால் இருத்தினார். அண்ணை கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணை, இதில எழுதியிருக்கிற மாதிரிச் செய்யுங்கோ. நாங்கள் ஒண்டும் சொல்ல மாட்டம்."

அவர் தமிழை உரத்து வாசித்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு பேனையைத் திறந்து, வட்டங்களுக்கு வெளியே வரிசையாக மூன்று புள்ளடி போட்டு, தாளைத் தூக்கிக் காட்டினார். டெனிஸ் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்.

"இன்னொரு தரம் செய்யச் சொல்லுங்கள்," என்றார்.

அண்ணை இன்னொரு தரம் செய்தார். இன்னும் கவனமாக, இன்னும் தள்ளி.

"எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடப் பரீட்சையிலேயே வட்டத்தைக் கறுப்பாக்கிப் பழகினவர்கள்," என்றார் டெனிஸ், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு அச்சகத்துக்குப் போன் எடுத்து, எங்களுக்கு அடுத்த நாள் வரை அவகாசம் வாங்கித் தந்தார். அந்தப் பெண்ணையும் நான் மெச்சத்தான் வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

4. நிரப்புவதும் கறுப்பாக்குவதும்

நான் உடனே "வட்டத்தை முழுமையாக நிரப்பவும்" என்று அடித்தேன். வேலை முடிந்தது என்று நினைத்துத் தேத்தண்ணிக்கு எழும்பினேன். ரீச்சர் அதையும் அண்ணையிடம் நீட்டினார். அண்ணை முதலாவது வட்டத்துக்குள் 1 என்றும் அடுத்ததற்குள் 2 என்றும் குட்டியாக எழுதினார்.

"நிரப்பச் சொன்னியள், நிரப்பினன். விண்ணப்ப ஃபோம் நிரப்பிறேல்லையே?"

அவர் சொன்னதில் என்ன பிழை? எங்களுக்கு நிரப்புவது என்றால் எழுதுவதுதானே. ரீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். கடைசியில் "வட்டத்தின் உட்பகுதி முழுவதையும் பேனையால் கறுப்பாக்கவும்" என்று வந்து நின்றோம். அண்ணை கறுப்பாக்கினார். இருந்தாலும், பேனையை வைத்ததும் முதலில் ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டுத்தான் கறுப்பாக்கத் தொடங்கினார். நான் அதைக் கவனிக்கவில்லை. ரீச்சர் கவனித்தார்.

"கை பழகினது, லேசில விடாது," என்று சொல்லிவிட்டு, அதன் கீழே ஒரு வசனம் சேர்த்தார்: புள்ளடி இட வேண்டாம்.

மொழிபெயர்ப்பில் முதல் விதி, மூலத்தில் இல்லாததைச் சேர்க்காதே. இருபது மொழிகளில் அந்தக் கைநூல் வந்தாலும் இருபதிலும் ஒரே சரக்குத்தான் இருக்க வேண்டும். டெனிஸும் அதைத்தான் சொன்னார்: "இந்த வரி ஆங்கிலத்தில் இல்லையே?"

"உங்கட சனத்துக்கு இந்தப் பழக்கம் இல்லை, அதால இந்த வரியும் இல்லை. எங்கட சனத்துக்குப் பழக்கம் இருக்கு," என்றார் ரீச்சர். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தன் மன்னார் ஆங்கிலத்தில் அவரே சொன்னார். டெனிஸ் மேலிடத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி அனுப்பினார்.

கேட்காமல் சேர்த்திருந்தால் அது திமிர். சேர்க்காமல் விட்டிருந்தால் அது கைகழுவல். ரீச்சர் இரண்டையும் செய்யவில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: வசனம் பொருந்துகிறதா என்று மெசின் பார்க்கும். வாசிக்கிறவரின் கை எங்கே போகிறது என்று நீங்கள் பாருங்கள்.

5. தேர்தல் நாள்

அன்று பின்னேரம் அக்காவின் போன் வந்தது.

"தம்பி, போட்டிட்டன்."

"என்ன மாதிரிப் போட்டனீங்கள் அக்கா?"

"பேனையை எடுத்த உடனை கை புள்ளடிக்குத்தான் வெளிக்கிட்டது. நல்ல காலம், அந்தப் புத்தகத்தில கிடந்தது டக்கெண்டு ஞாபகம் வந்தது, புள்ளடி இட வேண்டாம் எண்டு. ஆரோ எங்கட ஆள்தான் எழுதியிருக்கவேணும். வெள்ளைக்காரனுக்கு என்ர கை எங்க போகுமெண்டு தெரியுமே?"

"ஆராயிருக்கும்?" என்று கேட்டேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

"ஆரெண்டாலும் நல்லாயிருக்கட்டும். தாளை மெசின் இழுத்துப்போட்டு, உங்கள் வாக்கு எண்ணப்பட்டது எண்டு திரையில காட்டினது, தம்பி. பின்னால ஆக்கள் நிண்டவை. நான் அசையேல்லை. ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டுத்தான் வந்தனான்."

பேச்சை மாற்றி, யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"அது ரகசியம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.