பெரியப்பா கூப்பிட்ட ஆறு பெயர்கள்

என் பெரியப்பா ஒரு குண்டுகூடச் சுடாமல் இருபத்திரண்டு வருடம் இலங்கை இராணுவத்தில் இருந்தவர். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு முந்திய காலத்தில், சிங்களம் நன்றாகப் பேசுகிறார் என்றே சேர்த்துக்கொண்டார்களாம். வடக்கில் சண்டை நடந்த வருடங்களில் முகாம் ஸ்டோரில் சார்ஜன்ட். அரிசி, காலுக்குச் சப்பாத்து, கம்பளி எல்லாம் அவர் கையால்தான் போகும். ஓய்வு பெற்று நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியபோது, லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் மரியாதையோடு கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். "நான் சண்டையே போடலங்க, சாமான்தான் குடுத்தேன்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்கு ஒன்பது வயதில் மண்சரிவு வந்து எங்கள் லயம் சரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. எல்லாரையும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மறுநாள் மத்தியானம் லொறியில் கம்பளிகள் வந்தன. பங்கிடுவதற்குப் பெரியப்பாவை விட்டால் யார்? மேசை போட்டு உட்கார்ந்து பட்டியலை வாசித்தார். குடும்பத்துக்கு ஒன்று. அப்படியோர் ஒழுங்கை எங்கள் தோட்டம் அதற்குமுன் கண்டதில்லை.

பட்டியல் முடிந்தபோது ஆறு கம்பளிகள் மிச்சம். பெரியப்பா தாளைக் கீழே வைத்துவிட்டு, அதே குரலில் மேலும் கூப்பிட்டார்.

"சுனில்."

எங்கள் தோட்டத்தில் அந்தச் சிங்களப் பெயரில் யாரும் இல்லை. ஒரு கம்பளியை எடுத்துத் தனியாக வைத்தார்.

"பண்டார."

இன்னொன்று. ஒவ்வொரு பெயருக்கும் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார். நாங்களும் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். வாசல் வழியே பனிமூட்டம் மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது. இப்படி ஐந்து பெயர்கள் ஆயின.

பிறந்து பன்னிரண்டு நாளான என் தம்பி அம்மா மடியில் விறைத்துக்கொண்டிருந்தான். எங்களுக்குக் கிடைத்த கம்பளி கூரை ஒழுக்கில் நனைந்துவிட்டது. அப்பா எழுந்து போனார்.

"அண்ணே, பச்சப்புள்ள நடுங்குது. அதுல ஒண்ணக் குடுங்க."

"அதெல்லாம் ஆளுக்கு உள்ளதுடா. கூப்பிட்டிருக்கேன்ல? வருவாங்க."

அண்ணனை எதிர்த்துப் பேசி அப்பாவுக்குப் பழக்கமில்லை. அப்படியே நின்றார்.

"ஜயதிஸ்ஸ" என்றார் பெரியப்பா.

எனக்கு என்ன தோன்றியதோ, ஓடிப்போய் மேசைக்கு முன்னால் விறைப்பாக நின்று, "சேர்!" என்றேன்.

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, வளர்ந்த ஓர் ஆணின் முகம் இருக்கக்கூடிய இடத்தைப் பார்த்தார்.

"ஆவத?" என்றார். வந்துட்டியா என்று அர்த்தம். பிறகு, குளிருதா என்றும் சிங்களத்திலேயே கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. என் முதுகுப்பக்கம் சில்லென்றிருந்தது. திரும்பிப் பார்க்கப் பயம்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் எழுந்து வந்து ஒரு கம்பளியை விரித்து, என்னைத் தலையோடு முகத்தோடு மூடினார். ஓரங்களை ஒவ்வொன்றாக உள்ளே செருகினார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கடா" என்று அப்பாவிடம் சொன்னார். "மத்தவங்களுக்கு அப்பவே நான் போத்திட்டேன். இவன் ஒருத்தன்தான் வராமலே இருந்தான்."

தம்பிக்குக் கம்பளி கிடைத்துவிட்டது. பெரியப்பாவையே ஏமாற்றிவிட்ட பெருமையில் நான் உள்ளே இருட்டில் சிரித்துக்கொண்டு நின்றேன். முகத்தையும் சேர்த்து யாருக்குப் போர்த்துவார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது.