பட்டு செக்‌ஷனில் ஆண்டவர் போட்ட ஸ்டூல்

என்னையும் என் காலையும் கைவிடாத ஆண்டவருக்கு முதலில் நன்றி சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். சபைப் பத்திரிகையில் எழுதும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை. ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அது நம் பெண்கள் ஐக்கியத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும்.

என் பெயர் ஸ்டெல்லா. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை செக்‌ஷனில் வேலை செய்கிறேன். வீடு பெரும்பாக்கத்தில். ஆற்றோரத்தில் இருந்த எங்கள் வீட்டை இடித்த பிறகு அங்கேதான் குடியிருப்பு கொடுத்தார்கள். வீடு மாறினாலும் சபையை மாற்றவில்லை. ஞாயிறு காலை முதல் ஆராதனைக்கு அடையாறு வந்து, முடிந்ததும் அங்கிருந்தே கடைக்குப் பஸ் ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு கிடையாது. ஏனென்றால் நீங்கள் இரண்டாம் ஆராதனை முடித்துவிட்டு நேராக எங்கள் கடைக்குத்தான் வருகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் என் இடது கால் கெட்டுப்போக ஆரம்பித்தது. முதலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சை பச்சையாகத் தெரிந்தது. அப்புறம் கணுக்காலுக்கு மேலே கறுத்தது. பிறகு அங்கேயே ஒரு புண் வந்தது. தைலம் தடவினேன், மஞ்சள் வைத்தேன், எதற்கும் ஆறவில்லை. பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இன்னா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். நின்றபடி செய்கிற வேலையை விடாவிட்டால் என்ன மருந்து கொடுத்தாலும் இது ஆறாது, காலுக்கே ஆபத்தாகிவிடும் என்றார்.

விடுவதா? என் வீட்டுக்காரர் பெயின்டர். மழை வந்தால் அவருக்கு வேலை இல்லை. மகள் காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை புடவை விரித்துக் காட்டுவதும் மடித்து வைப்பதும்தான். அன்றைக்குப் பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

எங்கள் வேலை எப்படி என்று வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நான் சேர்ந்த புதிதில் அந்தக் கடையில் மேடை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். வாங்க வருகிறவர்களும் உட்காருவார்கள், காட்டுகிற நாங்களும் உட்காருவோம். பிறகு கடையைப் புதுப்பித்தார்கள். மேடை போய்க் கண்ணாடி கவுன்ட்டர் வந்தது. வாடிக்கையாளர்களுக்குக் குஷன் நாற்காலி வந்தது. எங்களுக்கு எங்கள் கால்கள்தான். அப்புறம் கடை ஊழியர்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. முதலாளி உடனே கவுன்ட்டருக்கு ஒன்றாக ஸ்டூல் வாங்கிப் போட்டார். நாங்களும் சந்தோஷமாக உட்கார்ந்தோம். அந்தச் சமயம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவதி செல்போனில் எங்கள் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, வேலைக்காரர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று எழுதிவிட்டாள். அவ்வளவுதான். மறுநாள் முதல் ஸ்டூல் மேல் புடவை டப்பா ஏறிவிட்டது. எழுதினது யார் என்று எனக்குத் தெரியாது. நம் சபைப் பெண்ணாகக்கூட இருக்கலாம்.

ஆக, ஸ்டூல் என் முழங்காலை இடித்துக்கொண்டே இருந்தது, ஆனால் நான் அதில் உட்காரக் கூடாது. எங்கள் ஃப்ளோர் இன்சார்ஜ் பாண்டியன் சார் கெட்ட மனுஷர் இல்லை. அவரும் எங்களோடு நிற்கிறவர்தான். என்னைவிட வயதில் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் முதலாளி மாடியில் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கவுன்ட்டர் மேல் சாய்ந்தால்கூட, "அக்கா, கேமரா பாக்குது" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போவார்.

நான் ஜெபித்தேன். பஸ்ஸில் ஜெபித்தேன், மாடிப்படியில் ஜெபித்தேன். பக்கத்துச் சுடிதார் செக்‌ஷனில் ட்ரையல் ரூம் காலியாக இருந்தால் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்று ஜெபித்தேன். உண்மையைச் சொன்னால், முழங்காலில் நிற்கும்போதுதான் அந்தக் காலுக்குக் கொஞ்சம் ஓய்வு. அதனால் என் ஜெபம் நாளுக்கு நாள் நீளமாகிக்கொண்டே போனது.

முதலில் புண் ஆற வேண்டும் என்று கேட்டேன். ஆறவில்லை. வேறு வேலை வேண்டும் என்று கேட்டேன். கிடைக்கவில்லை. கடைக்கு வருகிற நம் சபை ஜனங்களில் ஒருவராவது என் நிலைமையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்றுகூட எதிர்பார்த்தேன். வந்தார்கள். ஸ்தோத்திரம் சிஸ்டர் என்றார்கள். அந்த மேல் தட்டில் இருக்கிற மாம்பழக் கலரைக் காட்டுங்கள் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கவுன்ட்டருக்குப் பின்னால் புண் கசிந்து காலுறை நனைந்திருப்பது முன்னால் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆடித் தள்ளுபடியில் ஒரு ஞாயிறு. கூட்டம் நெரிசல். மத்தியானம் என்னால் முடியவில்லை. ட்ரையல் ரூமுக்குள் போய், ஆண்டவரிடம் சண்டையே போட்டுவிட்டேன். இன்றைக்கு ஒரு வழி காட்டினால் காட்டும், இல்லையென்றால் நாளைக்கு வேலையை விட்டுவிடுகிறேன், அதன்பிறகு எங்களுக்குச் சோறு போடுவது உம் பொறுப்பு என்று சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

என் கவுன்ட்டரில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. ராயப்பேட்டையிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, சித்திமார்கள், அத்தைமார்கள் என்று நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. பெண்ணின் அம்மாவை எல்லாரும் ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள். தங்களுக்குள் உருதுவில் பேசிக்கொண்டார்கள், என்னிடம் நம் மெட்ராஸ் தமிழில் பேசினார்கள்.

நான் புடவைகளை விரிக்க ஆரம்பித்தேன். ஒரு காலில் நின்று இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எனக்கே அது தெரியவில்லை. ஆபா புடவையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கவுன்ட்டருக்குப் பக்கவாட்டில் வந்து எட்டிப் பார்த்தார். காலையும் பார்த்தார், டப்பா அடுக்கிய ஸ்டூலையும் பார்த்தார். டப்பாக்களை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார்.

"உக்காரும்மா" என்றார்.

கேமரா இருக்கிறது, திட்டுவார்கள், வேண்டாம் என்று நான் கெஞ்சினேன்.

"என் பொண்ணு கண்ணாலத்துக்குப் பொடவை எடுக்கறேன். ஒருத்தி கால் நோவோட நின்னுகினு எடுத்துக் குடுத்த பொடவை எம்பொண்ணு மேல வாணாம். நீ உக்காரு. நீ உக்கார்ற வரிக்கும் நாங்களும் நிக்கிறோம்."

அவர் உருதுவில் ஒரு வார்த்தைதான் சொன்னார். கல்யாணப் பெண் முதலில் எழுந்தாள். அடுத்து சித்திமார்கள், அத்தைமார்கள். அந்த வரிசையில் ஒரு நாற்காலிகூட மீதி இல்லாமல் அத்தனை பெண்களும் எழுந்து நின்றார்கள்.

ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும். வாடிக்கையாளர் எழுந்து நின்றால் வியாபாரம் போச்சு என்று அர்த்தம். அதுவும் ஒரு கல்யாணக் கூட்டமே எழுந்து நின்றால்? பாண்டியன் சார் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார். ஏன் எழுந்துவிட்டீர்கள், பிடிக்கவில்லையா, வேறு டிசைன் காட்டட்டுமா என்று பதறினார். இந்தப் பெண் உட்கார்ந்தால்தான் நாங்கள் உட்காருவோம் என்றார் ஆபா. பாண்டியன் சார் ஒரு நொடி கேமராவைப் பார்த்தார். அடுத்த நொடி என்னைப் பார்த்தார்.

"அக்கா, உக்காருங்க. சீக்கிரம் உக்காருங்கக்கா."

இத்தனை நாள் கேமரா, கேமரா என்று சொன்ன வாய். ஆண்டவருக்கு வேடிக்கை பண்ணத் தெரியாது என்று யார் சொன்னது?

நான் உட்கார்ந்தேன். அவர்களும் உட்கார்ந்தார்கள். அதற்குள் முதலாளியே மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். கல்யாணக் கூட்டம் எழுந்து நின்றதை அவரும் பார்த்திருக்கிறார். ஸ்டூலில் என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். ஆனால் ஆபா முந்திக்கொண்டார். நின்றுகொண்டே காட்டினால், பாவம் இவளுக்குக் கால் வலிக்குமே என்று நாங்கள் அவசரமாக நாலு புடவையோடு எழுந்து போய்விடுவோம், உட்கார்ந்து காட்டினால்தான் நிதானமாகப் பார்ப்போம் என்றார். முதலாளி வியாபாரி. சட்டம் சொன்னபோது ஏறாதது அந்த ஒரு பேச்சில் அவர் மண்டையில் ஏறிவிட்டது. உட்கார்ந்தே காட்டும்மா என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் டீ வரவழைத்தார்.

அன்று சாயங்காலம் வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு எடுத்தார்கள், சம்பந்தி வீட்டுக்கு எடுத்தார்கள், எடுக்க நினைக்காதவர்களுக்கும் எடுத்தார்கள். போகும்போது நான் ஆபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மத்தியானம் நான் ஜெபித்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நீ கேட்டே, அவன் என்னை அனுப்ச்சான். இதுல எனக்கு இன்னா தேங்க்ஸு?"

மறுநாள் முதலாளி என்னை மாடிக்குக் கூப்பிட்டார். சீட்டு கிழிந்தது என்றே நினைத்தேன். அவரோ நேற்று அவர்கள் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது நிஜமாகவே நீ உட்கார்ந்து காட்டியதாலா என்று கேட்டார். ஆண்டவர் கொடுத்த வாய்க்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. என் காலைப் பற்றிச் சொன்னேன். என்னோடு நிறுத்தவில்லை. கடை ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற சின்னப் பெண்கள் இரவில் கால் வீங்கிப் படுப்பதையும் சொன்னேன். ஒரு நட்சத்திரத்துக்குப் பயந்து இத்தனை பெண்களின் காலைக் கெடுக்கிறீர்களே என்று கேட்டேவிட்டேன். அவர் தீபாவளி வரை பட்டு செக்‌ஷனில் உட்கார்ந்து காட்டிப் பார்க்கலாம் என்றார். தீபாவளி வியாபாரம் குறையவில்லை. பொங்கலுக்குள் எல்லா மாடியிலும் ஸ்டூல் மேலிருந்த டப்பாக்கள் இறங்கிவிட்டன. பாண்டியன் சாருக்கும் ஒரு ஸ்டூல் உண்டு.

என் புண் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மூடிவிட்டது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, வேலையை விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை டாக்டர், வேலைதான் கொஞ்சம் மாறிவிட்டது என்றேன். ஆண்டவருக்கே மகிமை.

நம் ஜெபத்துக்குப் பதில் நம் சபையிலிருந்துதான் வரும் என்று முன்பெல்லாம் நினைத்திருந்தேன். அவர் அதை ராயப்பேட்டையிலிருந்து அனுப்பினார். இப்போது நான் யாரைப் பார்த்தாலும், இவர்களை யார் அனுப்பினார்களோ என்று மரியாதையாகத்தான் பார்க்கிறேன்.

இதைப் படிக்கிற சகோதர சகோதரிகளே, உங்கள் கஷ்டம் எதுவானாலும் அவரிடம் சொல்லுங்கள். சண்டை போட்டாவது சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நம்பியிருங்கள், பதில் வரும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த ஞாயிறும் நீங்கள் கடைக்குப் போவீர்கள். அது புடவைக்கடையோ, நகைக்கடையோ, செருப்புக்கடையோ, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி உதடு அசையாமல் ஜெபித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஆண்டவர் அனுப்பிய ஆள் அன்றைக்கு நீங்களாக இருக்கலாம். விலை கேட்பதற்கு முன்னால் அவளை உட்காரச் சொல்லுங்கள்.