சாமான் கேட்பவள்

இருட்டில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள் சுபாஷிணி. ஜனவரி மாதத்துக் காலை ஆறு மணி. டெல்லி மயூர் விஹாரின் மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், உள்ளே விளக்கில்லை. லேப்டாப்பின் திரைகூடக் கறுப்பாகத்தான் இருக்கிறது. காபி டம்ளரோடு வந்த அம்மா உமாமகேஸ்வரி வழக்கம்போல ஸ்டூலில் முழங்காலை இடித்துக்கொள்கிறாள்.

“ஏட்டி, இப்படி இருட்டுக்குள்ள கெடந்தா மனுசி எப்படி நடமாட?”

“லைட்டப் போட்டுக்கோம்மா. உனக்குத்தான வேணும்?”

பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையை அணைத்து வைத்தால் பேட்டரி கூடுதலாக ஒரு மணி நேரம் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியது காதுக்குள் பேசும் குரல்தான். எந்த எழுத்தை அடித்தாலும் லேப்டாப்பில் ஏற்றியிருக்கும் ஒரு மென்பொருள் சொல்லும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் படிக்கும். ஏற்ற இறக்கம் இல்லாத அந்த ஆண் குரலுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் சித்தப்பா. “எங்க சித்தப்பாவுக்குக் கோவமும் வராது, கொட்டாவியும் வராது” என்பாள்.

சித்தப்பா பேசும் வேகம் அவளுக்கு மட்டும்தான் பிடிபடும். காய்ந்த எண்ணெயில் கடுகைக் கொட்டிய மாதிரி இருக்கும். அப்பா வடிவேல் மத்திய அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கோப்பு பார்க்கிறவர். ஒருநாள் இயர்போனை வாங்கிக் காதில் வைத்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார். “மூணு பாஷையில நோட்டு போடுதேன். இவன் பேசுதது ஒரு எழவும் வெளங்கல.”

அவளுடைய கீபோர்டைப் பார்த்தால் யாரும் ஒரு கணம் திகைப்பார்கள். ‘எஃப்’ என்ற எழுத்தில் ஒரு பொட்டு, ‘ஜே’யில் ஒன்று, வலது ஓரத்து எண்களின் நடுவில் இருக்கும் ஐந்தில் ஒன்று. எல்லாம் அம்மாவின் அட்டையிலிருந்து உரித்த கல் பொட்டுகள். விரல் எங்கே நிற்கிறது என்று தெரிய இந்த மூன்று விசைகளிலும் சின்ன மேடு வைத்துத்தான் செய்கிறார்கள். நேரு பிளேசில் வாங்கிய பழைய லேப்டாப்பில் அது தேய்ந்துபோயிருந்தது. பொட்டு ஒட்டுவது அவளே கண்டுபிடித்த வைத்தியம்.

தன் நெற்றிப் பொட்டில் அவளுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. தினமும் காலையில் அம்மாதான் ஒட்டிவிடுவாள். “எனக்கு எதுக்கும்மா இது?” “பாக்கவங்களுக்குட்டி.” “அப்ப லைட்டு, ஸ்க்ரீன், பொட்டு மூணும் உங்க டிபார்ட்மென்ட்.”

மெட்ரோவில் யாராவது இரக்கப்பட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தால் நின்றுவிடுவாள். “ஆன்ட்டி, இழுக்க வேண்டாம். முழங்கைய மட்டும் குடுங்க” என்று இந்தியில் சொல்லி, அந்த முழங்கையைத் தொட்டுக்கொண்டு தானே நடப்பாள். அடுக்களையில் அம்மா தோசை வார்த்துத் தருகிறேன் என்றால் நீளக் கைப்பிடி போட்ட தோசைத்திருப்பி வாங்கிக்கொடு என்பாள். “உதவி கேக்க மாட்டேன். சாமான் கேப்பேன்” என்பது அவள் வாயில் அடிக்கடி வருகிற வாக்கியம்.

அந்த வாக்கியம் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் பிறந்தது. அப்போது அவள் சொல்லச்சொல்ல எழுதுவதற்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நல்ல பெண்தான். இரண்டாவது மணி நேரத்தில் கொட்டாவி விட ஆரம்பித்தாள். சமூக அறிவியல் தாளில் உப்புச் சத்தியாகிரகம் பற்றி ஒரு கேள்வி. ‘எல்லா வீட்டு அடுப்படியிலும் உப்பு இருந்தது; அதனால் எல்லா வீட்டுக்குள்ளும் போராட்டம் நுழைய முடிந்தது’ என்று சுபாஷிணி ஆங்கிலத்தில் சொன்னாள். வெளியே வரும்போது அந்தப் பெண் வெள்ளந்தியாகச் சொன்னது: “தீதி, அது ரொம்ப நீளம். ‘உப்பு முக்கியமானது’ன்னு எழுதிட்டேன்.”

வீட்டுக்கு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மார்க்குக்காக அழுகிறாள் என்று நினைத்து உமாமகேஸ்வரி தேற்றப் போனாள். “மார்க் போனாப் போவுது, விடும்மா. என் வாக்கியம்லா போச்சு” என்றாள் மகள்.

அதிலிருந்து ஒரே குறிதான். பன்னிரண்டாம் வகுப்பில் நடுவில் ஆள் இருக்கக்கூடாது. தானே அடிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் எழுத விண்ணப்பம், மருத்துவச் சான்று, அனுமதிக் கடிதம் எல்லாவற்றுக்கும் அவளே மின்னஞ்சல் எழுதினாள். பதில் வராத மின்னஞ்சலுக்கு நினைவூட்டலும் அவளே எழுதினாள். வடிவேல் அதைப் படித்துவிட்டு, “நம்ம செக்‌ஷன்ல இப்படி ஒருத்தி இருந்தா எங்க பாடு திண்டாட்டம்தான்” என்றார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான் பேசுவார்.

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை, வரலாற்றுத் தாள். தேர்வு மையம் வேறொரு பள்ளி. வாசலிலேயே பைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். லேப்டாப்பும் அங்கேயே நின்றது. “சொந்தக் கம்ப்யூட்டர் உள்ளே போகாது. எங்கள் கம்ப்யூட்டரிலேயே அந்த மென்பொருளை ஏற்றி வைத்திருக்கிறோம்” என்றார் கம்ப்யூட்டர் ஆசிரியர். சுபாஷிணி கேட்டது ஒன்றுதான். “சித்தப்பா அதுல இருக்காரான்னு பாக்கணும். பத்து நிமிஷம் முன்னாடி விடச் சொல்லும்மா.”

விட்டார்கள். அம்மாவும் கம்ப்யூட்டர் ஆசிரியரும் கூடப் போனார்கள். அறையில் கண்காணிப்புக்கு மாதுரி மேடம் இருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, நெற்றியில் கறுப்புக் கல் பொட்டு, கையில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்திருந்தார். சுபாஷிணி உட்கார்ந்ததும் முதல் வேலையாக மானிட்டரின் பொத்தானைத் தடவிப் பிடித்து அணைத்தாள். மேடம் பதறிப்போனார்.

“அரே, பந்த் க்யோ கியா? எதுக்கு அணைச்சே?”

“மேம், எனக்கு வேண்டாம்.”

“எனக்கு வேணுமே! நீ என்ன எழுதறேன்னு நான் எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறது?”

சுபாஷிணி சிரித்துக்கொண்டே மறுபடி திரையைப் போட்டாள். சித்தப்பா இருந்தார்; வேகத்தைத் தன் அளவுக்கு ஏற்றினாள். அதையும் சோதிக்க வேண்டும் என்று இயர்போனைக் காதில் வைத்த மேடம், சுடுபாத்திரத்தைத் தொட்டவர்போலக் கையை எடுத்தார்.

அதன்பிறகுதான் விரல்கள் கீபோர்டில் தயங்கின. ஒரு முறை, இரு முறை தடவினாள். எத்தனையோ பிள்ளைகள் அடித்து அடித்து வழவழவென்று ஆன கீபோர்டு. மேடு என்று ஒன்று இல்லவே இல்லை.

“அம்மா, பொட்டு அட்ட எங்க?”

“பையிலட்டி. பைய வாசல்ல வாங்கிட்டாங்களே.”

மணி பத்து இருபது. வாசல்வரை போய் வர நேரமில்லை. சுபாஷிணி தன் நெற்றியிலிருந்த பொட்டை உரித்து ‘எஃப்’ இருக்கும் இடத்தை ஆசிரியரிடம் கேட்டு ஒட்டினாள். பிறகு எழுந்து, அம்மாவின் முகத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

உமாமகேஸ்வரி அரை அடி பின்வாங்கினாள். “ஏட்டி, வெள்ளிக்கிழம. நெத்தி காலியா எப்படி வெளிய போவ?”

“கீபோர்டுக்கும் இன்னைக்கு வெள்ளிக்கிழமதாம்மா. ஜல்தி.”

அம்மா தானே உரித்துக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் ஆசிரியர் அந்த வெல்வெட் பொட்டை வாங்கி, பின்பக்கம் ஏதும் எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு ‘ஜே’யில் ஒட்டினார்.

“அஞ்சுக்கு இல்லயேட்டி?”

“வருஷம் அடிக்கும்போதுதான் வேணும். தப்பா அடிச்சா சித்தப்பா சொல்லுவாரு, அழிச்சு அடிக்கணும். கொஞ்ச நேரம் போவும். பரவால்ல, நீ போ.”

வரலாற்றுத் தாளில் எந்த விடையில் வருஷம் இல்லை? அந்தக் கேள்வியோடு உமாமகேஸ்வரி வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நான்கு மணி நேரம் நின்றாள். கை அடிக்கொரு தரம் நெற்றிக்குப் போய்த் திரும்பியது. பையைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள், அட்டை உள்ளேதான் இருந்தது. எடுத்து ஒட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. ஒன்றரை மணிக்கு மற்றப் பிள்ளைகள் எல்லாம் கூச்சலோடு வெளியே வந்தார்கள். பக்கத்தில் நின்ற பஞ்சாபிப் பெண்மணி தன் மகனை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது, “உங்க பொண்ணு இன்னும் வரலியா?” என்று கேட்டாள்.

“அவளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு” என்றாள் உமாமகேஸ்வரி இந்தியில். பிறகு, கேட்காமலேயே சேர்த்தாள்: “அவளே எழுதுறா.” ‘அவளே’ என்னும் இடத்தில் குரல் சற்று ஓங்கிவிட்டது. வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

இரண்டரை மணிக்குச் சுபாஷிணி வந்தாள், மாதுரி மேடத்தின் முழங்கையைத் தொட்டபடி.

“எத்தன பக்கம்டி?”

“பதினேழு. ப்ரின்ட் எடுத்து எண்ணிச் சொன்னாங்க. ஒரு வாக்கியத்துலகூட யாரும் கை வைக்கல.”

“வருஷமெல்லாம்?”

“ஆயிரத்து எண்ணூத்து ஐம்பத்தேழு ரெண்டு தடவ தப்பா விழுந்திச்சு. அதுக்கப்புறம் சாமான் கேட்டேன்.”

உமாமகேஸ்வரி நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள். காலையில் பார்த்த கறுப்புக் கல் பொட்டு அங்கே இல்லை. அது இருந்த இடம் மட்டும் சற்று வெளுத்து வட்டமாகத் தெரிந்தது. மேடம் வெயிலுக்கு மறைப்பதுபோல நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். உமாமகேஸ்வரி பையைத் திறந்து அட்டையை எடுத்தாள். அவருக்கு ஒன்று உரித்துக் கொடுக்கலாம் என்று நகத்தால் விளிம்பைச் சுரண்டினாள்.

சத்தத்தை வைத்தே சுபாஷிணிக்குத் தெரிந்துவிட்டது. “மேமுக்கு ஒண்ணு குடு, நீ ஒண்ணு வச்சுக்கோ. மிச்சத்த அப்படியே இங்க தா. திங்கக்கிழம இங்கிலீஷ் பேப்பர். எந்தக் கீபோர்டு தருவாங்களோ.”

வாங்கி, கட்டைவிரலால் அட்டையின் மேல் மெல்லத் தடவி, கல்லைக் கல்லாக எண்ணினாள். சரியாக இருந்தது போல. ஹால்டிக்கெட்டின் உறைக்குள் செருகி, பொத்தானைப் போட்டாள்.