அண்ணன் லோரியில் காணாமல் போன சிக்னல்

அண்ணன் டீசல் திருடுகிறார் என்று அவருடைய கம்பெனியில் முடிவே கட்டிவிட்டார்கள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து சுபாங் ஜெயாவில் உள்ள ஒரு கிடங்குக்குச் சரக்கு லோரி ஓட்டுகிறவர் அவர். லோரி எங்கே போகிறது என்று அலுவலகத்துக்குச் சொல்ல அதில் ஒரு டிராக்கர் பெட்டி உண்டு. சில மாதங்களாக அந்திநேரத்தில் அந்தப் பெட்டி ஒரு மணி நேரம்போல ஊமையாகிவிடுகிறது. அண்ணன் ஒயரைப் பிடுங்கிவிட்டு எங்கேயோ ஒதுங்கி டீசலை விற்கிறார் என்பது மேனேஜரின் கண்டுபிடிப்பு. மாதக் கடைசிக்குள் சரியான காரணம் சொல்லாவிட்டால் வேலை போய்விடும். ஐம்பத்து நான்கு வயதில், திருட்டுப் பட்டத்தோடு வெளியே வருகிற டிரைவரை நம்பி யார் லோரி சாவியைக் கொடுப்பார்கள்?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கல்லூரியில் மின்னணு ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். வானத்தில் சுற்றும் துணைக்கோள்களின் சிக்னலைப் பிடித்துத்தான் டிராக்கர் தன் இடத்தை அறியும். அந்தச் சிக்னல், கல்யாண மண்டபத்தில் மேளம் முழங்கும்போது காதோரம் சொல்கிற ரகசியம் மாதிரி. பக்கத்தில் ஏதாவது ஒரு மின்கருவி இரைச்சல் போட்டால் போதும், அடிபட்டுப் போகும். டிராக்கர் பெட்டிக்கோ சீல் வைத்திருந்தார்கள், தொட முடியாது. கைப்பேசி இடத்தைக் காட்டுமே தவிர, சிக்னலுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாது. சிக்னலையே பிடித்துப் பார்க்கும் ரிசீவர் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

விலை விசாரித்தேன். முறையான கருவி என் நாலு மாதச் சம்பளத்தைக் கேட்டது. ஆய்வுக்கூடத்தில் இருப்பதை வெளியே எடுத்துப்போக ஆறு பேர் கையெழுத்து வேண்டுமாம். அதற்குள் அண்ணன் ஓய்வே பெற்றுவிடுவார். மலிவாக ஒரு வழி இருந்தது. பென்டிரைவ் அளவில் ஒரு சின்ன ரேடியோக் கருவி. அது அலையை அப்படியே கணினிக்குள் கொட்டும், மிச்ச வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இணையத்தில் முதலில் வாங்கியது போலி. இரண்டாவது வரவே இல்லை. கடைசியில் சுபாங் ஜெயாவில் ஒரு அங்கிள், விமானிகள் பேசுவதைக் கேட்பதற்காக வைத்திருந்ததை விற்கிறார் என்று தெரிந்து ஓடினேன்.

“எந்த பிளேன கேக்கப் போறீங்க?” என்றார்.

“பிளேன் இல்ல அங்கிள், அதுக்கும் ரொம்ப மேல.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பாதி விலைக்கே கொடுத்தார். அடிபட்ட கார்களை உடைத்து விற்கும் ஒரு கடையில், அடியில் காந்தம் வைத்த ஆன்டெனா கிடைத்தது. காப்பாரில் என் வீட்டு வாசலில் நின்ற காரின் கூரைமேல் அதை ஒட்டவைத்து, பழைய மடிக்கணினியைத் திறந்தேன். திரையில் ஒவ்வொன்றாக ஏழு துணைக்கோள்கள் வந்து நின்றபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

இரண்டு சாயங்காலம் அண்ணனோடு லோரியில் போனேன். என் கணினியின் பேட்டரி செத்துப்போயிருந்ததால், சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் அதில் சொருகப் போன ஒயரை ஒதுக்கிவைத்துவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். இரண்டு நாளும் ஒரு துணைக்கோள்கூடக் காணாமல் போகவில்லை. டிராக்கரும் ஒழுங்காக வேலை செய்ததாக அலுவலகத்தில் சொன்னார்கள். நான் வராத மூன்றாம் நாள் பெட்டி மறுபடி ஊமை.

அன்று எனக்குள் ஏதோ ஒன்று மாறிவிட்டது. நான் கூட இருந்தால் ஒழுங்கு, இல்லாவிட்டால் இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? கேட்கவே அசிங்கமாக இருந்தது. ஆனால் கேட்டுக்கொண்டேன். மறுநாள் பேட்டரி நன்றாக நிற்கும் கணினி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் துறைமுக வாசலில் போய் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், சிக்னலைப் பார்க்கப் போகவில்லை. அண்ணனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன்.

“வா மா, ஏறு” என்றார், என்னைப் பார்த்த சந்தோஷத்தில்.

ஏழு மணி வாக்கில் வெளிச்சம் மங்கியது. அண்ணன் முன்கண்ணாடியோரம் கை நீட்டினார். அவர் டிராக்கர் பக்கமே போகவில்லை. லைட்டர் துளையில் ஒரு ஒயரைச் சொருகினார். முருகன் படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகக் குட்டி விளக்குகள் எரிந்தன. “விளக்கு வைக்கிற நேரம்லா” என்று ஒரு கையால் கும்பிட்டார். என் திரையில் இரைச்சல் ஒரு மேடாக எழும்பியது. துணைக்கோள்கள் அத்தனையும் போய்விட்டன.

ஒயரைப் பிடுங்கினேன், எல்லாம் திரும்பி வந்தன. சொருகினேன், போயின. அந்தப் படத்தைத் தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் வாங்கித் தந்தவளே நான்தான். ஒயர் நுனியில் இருக்கும் இந்த மாதிரி மலிவு அடாப்டர் என்ன இரைச்சல் போடும் என்று மாணவர்களுக்கு வாய் கிழியப் பேசுகிற நான்.

மறுநாள் மேனேஜர் தன் கையாலேயே மூன்று தடவை விளக்கைப் போட்டு அணைத்து, டிராக்கர் செத்துப் பிழைப்பதைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, வேலையில் இருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். படத்தை நான் வாங்கித் தந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டினார்.

“அத விடு மா. ஆபீஸ்ல ஒருத்தனும் என்னை நம்பல. உங்க அண்ணியே நாலு நாளா முகம் குடுத்துப் பேசல. நீ ஒருத்திதான் ஆரம்பத்துலேர்ந்து நம்புன.”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“டீ ஆறுது அண்ணே, குடிங்க” என்றேன்.