மங்கை டீச்சர் முதலில் ஏறினார்

அன்று சனிக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். மகளின் கறுப்புச் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடப் பிரதி அதிபரிடமிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமைகளில் அவர் யாரையும் அழைப்பதில்லை. "சுமதி டீச்சர், வீட்லதானே இருக்கீங்க? கொஞ்சம் உக்காருங்க" என்றார். நான் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். "மங்கை டீச்சர் போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிருக்காங்க." அவர் பேசி முடித்த பிறகும் என் ஒரு கை சப்பாத்துக்குள்ளேயே இருந்தது. மகள் நிலானி குளித்துவிட்டு வந்து, "பெரிய டீச்சர் எத்தன மணி பஸ்ஸுக்கு வர்றாங்க?" என்று கேட்டாள். அன்று நாங்கள் மூவரும் நுவரெலியாவுக்குப் போவதாக இருந்தோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பள்ளிக்கூடம் வெளியிட்ட நினைவு மலருக்கு என்னிடமும் எழுதிக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் 'சிறந்த ஆங்கில ஆசிரியை, அர்ப்பணிப்பு மிக்கவர்' என்றே வந்தது. உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள், அவரோடு வேலை செய்தவர்கள். அதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் குதிரை ஏறியதை நீங்கள் பார்த்ததில்லை. நானும் என் மகளும் பார்த்தோம். பிந்தியாவது அதை எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

தலவாக்கலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கச் சேர்ந்தபோது நிலானிக்கு இரண்டு வயது. கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதத்தில் இரண்டு முறை வருவார். பிள்ளையை அயல் வீட்டில் விட்டுவிட்டு வருவேன். ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். இடைவேளைக்குள் ஐந்து தடவை அந்த வீட்டுக்கு அழைத்துவிட்டேன். ஆறாவது தடவை மங்கை டீச்சர் என் கையிலிருந்து போனை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். "நீ கேக்கறதால காய்ச்சல் எறங்காது புள்ள. கேக்காததால ஏறவும் ஏறாது. போயி எட்டாம் வகுப்பைப் பாரு." லாச்சியை அவர் பூட்டவில்லை. பாடம் முடிந்து வந்தபோது போனை எடுத்து என்னிடம் நீட்டி, "அவங்களே பேசுனாங்க. கஞ்சி குடிச்சிட்டாளாம்" என்றார். என்னை அவர் அன்றே அளந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

குதிரைக் கதை போன வருடம் ஏப்ரல் மாதத்தில் தொடங்கியது. நுவரெலியா வாவிக்கரையில் மட்டக்குதிரையில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப்போவார்கள் அல்லவா, நிலானியும் ஏறினாள். இறங்கும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. "அந்த அண்ணன்தான் ஓட்டுனாரு. நான் சும்மா குந்திக்கிட்டு இருந்தேன்" என்றாள். இதைப் போனில் கேட்ட அவள் அப்பா, ஒன்பதாவது பிறந்தநாள் பரிசாக நுவரெலியாவுக்கு வெளியே ஒரு குதிரை லாயத்தில் ஆங்கிலேய முறைச் சவாரிக்கு முதல் பாடம் ஒழுங்கு செய்துவிட்டார். அவர் கொழும்பிலிருந்து ஒழுங்கு செய்தார். ஆயத்தம் செய்ய வேண்டியவள் நான்.

போனில் தேடித் தேடிப் படித்தேன். அந்த முறையில் சேணம் தட்டையாக இருக்குமாம். முன்னால் பிடித்துக்கொள்ளக் குமிழோ கைப்பிடியோ கிடையாதாம். ஒரு கொப்பியில் பட்டியல் போட்டேன். தடித்த தையல் இல்லாத நீளக் காற்சட்டை, தாழக் கட்டிய கூந்தல், சின்னக் குதி வைத்த சப்பாத்து. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசிரியர் அறையில் மங்கை டீச்சர் கொப்பியை எடுத்து உரக்க வாசித்தார்.

"பஞ்சு, பிளாஸ்டர், கட்டுத்துணி, குளுக்கோஸ்... புள்ள குதிரை ஏறப் போகுதா, சண்டைக்குப் போகுதா? இது என்னா, எலுமிச்சம்பழம் நாலு?"

"சும்மா ஒரு காவலுக்கு டீச்சர்."

"புது லொறிக்கு நாலு சக்கரத்துலயும் வைப்பாங்க. குதிரைக்கு நாலு காலுக்கும் வைக்கப் போறியா? அது குனிஞ்சு தின்னுட்டு உன்னப் பாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பட்டியலிலிருந்து எலுமிச்சம்பழத்தை வெட்டிவிட்டேன். சப்பாத்துதான் கிடைக்கவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் என் அம்மா, யாரிடமோ கேட்டு ஒரு சின்ன ரப்பர் பூட்ஸ் வாங்கி அனுப்பியிருந்தார். மங்கை டீச்சர் அதைத் திருப்பி அடியைப் பார்த்தார். "இது ஆகாது. அடியில பள்ளம் பள்ளமா இருக்கு. கால் வைக்கிற இரும்பு வளையத்துல மாட்டிக்கும். விழுந்தா கால் கழறாது, இழுத்துக்கிட்டுப் போயிரும்." இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இழுத்துக்கொண்டு போவது மட்டும் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் அவர் பேண்ட் வாத்தியக் குழுவின் களஞ்சிய அறையைத் திறக்கச் சொன்னார். அணிவகுப்புச் சப்பாத்துகள் நமக்குத் தெரியும்: கறுப்புத் தோல், வழுவழுப்பான அடி, அரை அங்குலக் குதி. ஒரு பையில் இரண்டு சோடி எடுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு சோடி எதுக்கு டீச்சர்?" என்று கேட்டேன். "ஒன்னு பத்தாட்டி இன்னொன்னு" என்றார். பை அவரிடமே இருந்தது.

மழைக்காலம். லாயத்துத் திடலில் புல் இருக்கும், புல் இருந்தால் இரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும். அதற்கு மட்டும் நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தெரிந்த வைத்தியம்தானே. நிலானியின் காலுறைகளில் சவுக்காரத்தைத் தேய்த்தேன். மேல் மடிப்புக்குள் உப்பை வைத்துச் சுற்றிவரத் தைத்தேன், கொஞ்சம் தாராளமாகவே.

பஸ்ஸில் நிலானி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். மங்கை டீச்சர் வழக்கமான பழுப்பு நிறப் பருத்திச் சேலையும் கம்பளிச் சட்டையுமாக, மடியில் பெரிய பையோடு உட்கார்ந்திருந்தார். "எனக்குத் துணைக்கு வாங்க" என்று நான்தான் அவரைக் கெஞ்சியிருந்தேன்.

லாயத்தில் பாடம் சொல்பவர் பெயர் சுனில். சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார். குதிரை ஒரு செம்பட்டை நிறப் பெண்குதிரை, பெயர் ரோசி. டீச்சர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சப்பாத்து நிலானிக்குச் சரியாக இருந்தது. சுனில் அவளுக்குத் தலைக்கவசத்தை மாட்டி நாடாவை இறுக்கினார். நிலானி குதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ரோசி தலையைத் தாழ்த்தி அவள் தோளை முகர்ந்தது, பிறகு இடுப்பை, பிறகு முழங்காலை. கணுக்காலுக்கு வந்ததும் நின்றது. உதட்டால் காலுறையைக் கவ்வி இழுக்கத் தொடங்கியது.

"கடிக்குது" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடித்து இழுத்தேன். நான் இழுத்த இழுப்பில் அவள் ஈரப் புல்லில் போய் உட்கார்ந்தாள். தலைக்கவசம் கண்ணை மறைத்தது. "வேணாம். வீட்டுக்குப் போவோம். இது நமக்குச் சரிவராது" என்றேன். அவள் அழுதிருந்தால் பரவாயில்லை. எழுந்து, கவசத்தைக் கழற்றி, இரண்டு கையாலும் சுனிலிடம் கொடுத்து, "தேங்க்யூ சேர்" என்றாள். வாசலைப் பார்த்து நடக்கவும் தொடங்கிவிட்டாள்.

மங்கை டீச்சர் அவளை நிறுத்தி, குனிந்து, காலுறையைத் தடவி, விரலை நாக்கில் வைத்தார். உடனே துப்பினார். "சவுக்காரமும் உப்பும். அட்டைக்கு வச்சியா?"

தலையாட்டினேன்.

"அட்டை ஓடிப் போயிரும். குதிரை ஓடி வரும்."

சுனில் விழுந்து விழுந்து சிரித்தார். "மிஸ், ரோசிக்கு உப்புன்னா உயிர். நாங்க கட்டி உப்பு வச்சிருக்கோம், அது நக்கும்" என்றார். நிலானியும் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே காலுறைகளைக் கழற்றினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறட்டும், ஆனால் கடிவாளத்தில் கட்டிய கயிற்றை நானே பிடித்துக்கொண்டு கூட நடப்பேன், எந்தக் காரணத்துக்காகவும் விட மாட்டேன் என்றேன். முதல் நாள் கயிறு போடுவதுதான் வழக்கம், தான் பிடிப்பதாகச் சுனில் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. பிள்ளை என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"சுமதி, இங்க வா" என்று மங்கை டீச்சர் என்னை வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய அப்பா திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் குதிரைக்காரராக இருந்தவர் என்பதை அன்றுதான் எனக்குச் சொன்னார்.

"தொரைக்கு ஒரு மகன் இருந்தான். நம்ம நிலானி வயசு. மட்டக்குதிரை வாங்கிக் குடுத்தாங்க. தொரசாணிக்குப் பயம். கயித்த விடவே கூடாதுன்னு எங்க அப்பாவுக்கு உத்தரவு. ரெண்டு வருஷம் அப்பா கயித்தப் புடிச்சிக்கிட்டே நடந்தாரு. அப்புறம் அந்தப் பையன் சீமைக்குப் போயிட்டான். ஓட்டத் தெரியாமலே போனான்." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்பாவும் ஏறுனது இல்ல. அந்தக் காலத்துல யாரு ஏறச் சொல்லப் போறா? கயித்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தரு. ரெண்டு பேருமே பழகல."

நான் திடலில் நின்ற நிலானியைத் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, நீ பயப்படு. நான் மொதல்ல ஏறுறேன். எனக்கு ஒன்னும் ஆகலேன்னா புள்ளைய விடு."

பையை எடுத்துக்கொண்டு லாயத்துக்குள் போனார். திரும்பி வந்தபோது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போடும் நீல நிறக் காற்சட்டையும், காலில் இரண்டாவது சோடி பேண்ட் சப்பாத்தும் இருந்தன. ஐம்பத்தெட்டு வயது. சேலை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. "ஒன்னு பத்தாட்டி இன்னொன்னு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஏறுவதற்கான மரப்பெட்டியின் மேல் நின்று சேணத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "சேர், எறங்கறது எப்படி? அத மொதல்ல சொல்லுங்க" என்று சுனிலிடம் கேட்டார். சுனில் செய்து காட்டினார். இரண்டாவது முயற்சியில் ஏறி உட்கார்ந்தார். சேணத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை. இரண்டு கையிலும் கடிவாள வார் மட்டும். "பார்வை மேல, குதி கீழ" என்று சுனில் சொல்லிக்கொண்டே கயிற்றோடு ஒரு சுற்று நடந்தார். அடுத்த சுற்றில் கயிற்றைக் கழற்றிவிட்டார். ரோசி தன் பாட்டில் நடந்தது. டீச்சர் எங்களைக் கடக்கும்போதுகூட எங்களைப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால் கீழே சரிந்து இறங்கும் தேயிலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களையே பார்த்துக்கொண்டு போனார்.

இறங்கிய பிறகு சொன்னார்: "அங்கேர்ந்து பாத்தா நம்ம ஆளுங்களோட உச்சந்தலைதான் புள்ள தெரியுது. மூஞ்சி தெரியல." நிலானி ஏறும்போது, "இந்தா, இதப் புடி" என்று தன் பெரிய பையை என் கையில் கொடுத்தார். அதற்குள் அவருடைய சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. இரண்டு கையாலும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுனில் கயிற்றைக் கழற்றியதைப் பார்த்தேன். என் மகள் தானே திருப்பி, தானே நிறுத்தி, தானே இறங்கினாள். காலுறை இல்லாத காலில் இரண்டு அட்டை ஏறியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் எனக்குப் பெயர் 'தொரசாணி'. "என்னா தொரசாணி, இன்னிக்கு எத்தனை தடவை போன் போட்டாச்சு?" ஏன் அந்தப் பெயர் என்று மற்ற டீச்சர்மார் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். இருவரும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குத் தெரியும்.

டீச்சர் இன்னும் இரண்டு தடவை ஏறினார். பிறகு, "எனக்குப் போதும். அப்பாவுக்கு ஒன்னு, எனக்கு ஒன்னு, கூடுதலா ஒன்னு" என்று சப்பாத்தைத் துடைத்து, உள்ளே பத்திரிகைத் தாள் அடைத்து, களஞ்சிய அறையில் திருப்பி வைத்துவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எங்களோடு வந்தார். ஒரு கடதாசிப் பொட்டலத்தில் உப்புக் கொண்டுவருவார். உள்ளங்கையில் கொட்டி ரோசியிடம் நீட்டுவார். "அப்பா சட்டைப் பையில எப்பவும் உப்பு இருக்கும். அம்மா திட்டும், துணியெல்லாம் இத்துப் போகுதுன்னு." என்னையும் கொடுக்கச் சொல்வார். நான் பின்னால் போய்விடுவேன். "கையை நல்லா விரிச்சு வை தொரசாணி. விரல மடக்காத. மடக்குனாத்தான் பல்லு படும்." ஒரு வருடமாக இதையே சொன்னார். ஒரு வருடமாக நான், அடுத்த முறை பார்ப்போம் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் நுவரெலியாவுக்குப் போகவில்லை, செத்த வீட்டுக்குப் போனோம். காரியம் முடிந்த அடுத்த வாரம் நிலானி தானே சப்பாத்தை எடுத்து வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். போனோம். சுனில் எங்கள் பின்னால் பாதையைப் பார்த்து, "பெரிய மிஸ் வரல்லையா?" என்று கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மங்கை டீச்சருடைய புத்தகங்கள் பள்ளி நூலகத்துக்குப் போய்விட்டன. குடையும் கைப்பையும் அவர் தங்கை வீட்டில் இருக்கின்றன. எனக்கென்று ஒரு பொருளும் நான் கேட்கவில்லை. நிலானி ஏறுவதற்கு முன்னால் என் கோட்டுப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். உள்ளங்கையில் உப்பைக் கொட்டினேன். பாதி உப்புக் கீழே சிந்தியது. ரோசி வந்தது. அதன் மூச்சு சூடாக இருந்தது, நாக்கு நான் நினைத்ததைவிடச் சொரசொரப்பாக இருந்தது. விரல்கள் தாமாக மடங்கப் பார்த்தன. மடக்கவில்லை. உப்புத் தீர்ந்து, குதிரை என் மகளைச் சுமந்துகொண்டு திடலின் அடுத்த கோடிக்குப் போன பிறகும், கையை அப்படியே விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். மங்கை டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கைதான்.